போகிற பாட்டிலுக்குச் சொல் கிடையாது

மார்ச் 3

அன்புள்ள வாலுக்கு,

ஒரு மனிதரிடம் ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சி, எல்லாவற்றுக்கும் அவர் அதையே சொன்னால், அந்தச் சொல்லுக்குப் பொருள் உண்டா? எனக்குத் தெரியவில்லை. தெரிந்ததுபோல எழுதவும் விருப்பமில்லை.

அப்பாவுக்கு மிஞ்சியிருப்பது "நோ".

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே உனக்குச் செய்தி அனுப்பினேன். "சரி" என்று பதில் போட்டாய். ஃபோனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் நமக்குள் என்ன நடக்கும் என்று இருவருக்கும் தெரியும். அதனால் மெயில். நீயும் எழுதினால் போதும்.

நிலவரம் இதுதான். வலது கையும் காலும் அசையவில்லை. நாம் சொல்வதில் எவ்வளவு புரிகிறது என்று நிச்சயமாகச் சொல்ல ஆளில்லை. விழுங்குவதில் பாதி நுரையீரல் பக்கம் போய்விடுகிறது. ஒருமுறை நிமோனியா வந்து மீண்டார்; இன்னொரு முறை தாங்க மாட்டார் என்கிறார்கள். மூக்கு வழியாகப் போட்ட குழாயைப் பிடுங்கிப் பிடுங்கி எறிகிறார். அதனால் வயிற்றில் சிறு துளையிட்டு நேராக அங்கே ஒரு குழாய் வைக்கச் சொல்கிறார்கள். சின்ன ஆபரேஷன்தான். அந்த வயதுக்கும் அந்த நெஞ்சுக்கும் எதுவும் சின்னதில்லை.

டாக்டர் கட்டிலருகே குனிந்து, "ஐயா, வயித்துல ஒரு குழாய் வெச்சிடலாமா? சாப்பாடு அது வழியா போயிடும்," என்று கேட்டார்.

"நோ," என்றார் அப்பா. கணீரென்று.

டாக்டர் நிமிர்ந்தார். "வேண்டாங்கிறாரும்மா. அதை மீறிப் பண்றதுன்னா நீங்க ரெண்டு மகளும் ஒரே மனசா சொல்லணும். திங்கட்கிழமைக்குள்ள சொல்லுங்க. அதுக்கு மேல தள்ள வேண்டாம்."

அவ்வளவு சுலபமாக நம்பிவிட்டாரே என்றிருந்தது எனக்கு. அவர் போனதும் கேட்டேன்: "குளிருதாப்பா? போர்வை போடட்டா?" நோ. போட்டேன். "எடுத்துடட்டா?" நோ. "நான் உங்க பொண்ணுதானே?" அதற்கும் நோ.

நம் மொழியில் இந்த ஒலிக்கு வலி என்றொரு பொருள் உண்டே என்று ஒரு சொந்தக்காரர் சொல்லிவிட்டுப் போனார். அதில் ஒன்றுமில்லை. பாட்டில் கம்பெனியில் வாழ்நாளெல்லாம் சொன்ன அதே இங்கிலீஷ் நோதான் இது. "நோ சார்" என்றுதானே அங்கே அவருக்குப் பட்டப்பெயரே.

நான் தொகுத்த மாணவர் அகராதியை எடுத்துப் பார்த்தேன். இந்தச் சொல்லுக்கு அரைப் பக்கம். "தனித்து நின்றால், ஒரு முழு வாக்கியத்துக்கு ஈடான மறுப்பு" என்று எழுதியிருக்கிறேன். கீழே ஒரு குறிப்பு: டீ வேண்டாமா என்று ஆங்கிலத்தில் கேட்டால், வேண்டாதவர் "நோ" என்றுதான் சொல்ல வேண்டும், "யெஸ்" என்று தலையாட்டினால் டீ வந்துவிடும். எல்லாம் சரியான விளக்கம்தான். இந்த அறையில் ஒன்றுக்கும் உதவவில்லை.

நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது. எனக்குப் பயமாக இருக்கிறது.

அக்கா

மார்ச் 4

அன்புள்ள அகராதி அக்காவுக்கு,

கிளச் எது பிரேக் எது என்று தெரியாத ஒரு பேங்க் மேனேஜரை மைதானத்தில் நாலு சுற்று ஓட்டவைத்துவிட்டு வந்து உன் மெயிலைப் படித்தேன். அவர் பக்கத்தில் உயிருக்குப் பயந்து உட்கார்ந்திருந்ததைவிட இது மோசம். பாதி பயம். மீதி கோபம். கோபத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

டீச்சர் ட்ரெயினிங்கை விட்டுவிட்டு லாரி ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று நான் சொன்ன சாயங்காலம் நினைவிருக்கிறதா? அப்பா "நோ" என்றார். ஒரே ஒரு தடவை. அவர் அத்தோடு பேப்பரை விரித்துக்கொண்டார். உரை எழுதியது நீ. "அப்பா நோன்னா நோதான்டி. அதுக்கு மேல என்ன பேச்சு?" என்று கூடத்தில் நின்று பதவுரை, பொழிப்புரை எல்லாம் சொன்னாய். நான் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போதும் வாசல்வரை வந்து விளக்கினாய்.

அன்றைக்கு அந்தச் சொல்லுக்குப் பொருள் இருந்தது. இன்றைக்கு அவர் தன் வயிற்றைப் பற்றி, தன் வாயால் சொல்கிறார். உனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடமா?

மூக்குக் குழாயைப் பிடுங்கி எறிகிறார் என்று நீயே எழுதுகிறாய். இன்னும் எந்த பாஷையில் சொல்ல வேண்டும் அவர்? ஒரு மனுஷரை அவர் பேச்சை மீறித் துளை போட நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். என் சம்மதம் இல்லை. டாக்டரிடம் சொல்லிவிடு.

அப்புறம், என்னைப் பற்றிக் கேட்டாரா? விடு. கேட்டிருந்தாலும் "நோ" என்றுதான் கேட்டிருப்பார்.

வால்

மார்ச் 5

அன்புள்ள வாலுக்கு,

அந்தச் சாயங்காலத்தைப் பற்றி நீ எழுதியதற்கு இப்போது பதில் எழுதினால் இந்தக் கடிதம் முழுவதும் அதற்கே போய்விடும். திங்கட்கிழமைக்குப் பிறகு என்னைத் திட்டு. கேட்டுக்கொள்கிறேன்.

நோயாளிகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒருத்தி தினமும் வருகிறாள். சிரித்த முகம், வேலையில் கறார். விடை தெரிந்த கேள்விகளாகக் கேட்டுப் பார்த்தாள். "இது ஸ்பூனா?" நோ. "இது யானையா?" நோ. "நீங்க ஆம்பளையா?" நோ. "பொம்பளையா?" அதற்கும் நோ, ஆனால் கொஞ்சம் சூடாக. அவள் என் பக்கம் திரும்பி, "வாய்க்கு வர்றது அந்த ஒண்ணுதான், மேடம். உள்ள என்ன நினைக்கிறார்ங்கிறது வேற. இதை வெச்சு வேணும்னும் முடிவு பண்ணாதீங்க, வேண்டாம்னும் முடிவு பண்ணாதீங்க," என்றாள்.

குரலை வைத்துப் பிரிக்கப் பார்த்தேன். ஏறும் நோ, இறங்கும் நோ, இழுக்கும் நோ என்று. அரை நாளில் கைவிட்டேன். இறங்கும் நோவுக்கு நான் தலையணையை எடுத்தேன், முகம் சுளித்தார். அதே நோவுக்குத் திரும்ப வைத்தேன், அப்போதும் சுளித்தார்.

மூக்குக் குழாயைப் பிடுங்குவதை நீ பதிலாக எடுத்துக்கொள்கிறாய். அது அரிக்கும், எல்லோரும்தான் பிடுங்குவார்கள் என்கிறார் நர்ஸ். இதையும் நம்பாமல் இருக்க எனக்குக் காரணம் இல்லை.

இன்று மதியம் அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, தாடையைத் தாழ்த்தி, பொடி கலந்து கெட்டியாக்கிய தண்ணீரை ஒரு ஸ்பூன் கொடுத்தார்கள். நான் வராந்தாவில் நின்றேன். உள்ளே நிற்க முடியவில்லை. முதல் இருமல் வரும்வரை எனக்கும் மூச்சு வரவில்லை. பிறகு வந்த இருமல் நிற்கவில்லை. சாயங்காலம் லேசாகக் காய்ச்சல்.

நீ "அவர் சொல்லிவிட்டார்" என்கிறாய். அவர் சொல்லியிருந்தால் நான் பேசாமல் இருந்துவிடுவேன், வால். சொன்னாரா என்பதுதான் கேள்வி. குழாய் வேண்டாம் என்று அவர் நிஜமாகவே நினைத்து, நான் வைத்துவிட்டால்? வேண்டும் என்று நினைத்து, வாய்க்கு வேறு சொல் கிடைக்காத ஒரே காரணத்துக்காக நாம் விட்டுவிட்டால்? இரண்டில் எது மோசம் என்று யோசித்து யோசித்துத் தலை வலிக்கிறது.

ஒன்று கேட்கிறேன். அவர் எதற்காவது "யெஸ்" என்றோ "சரி" என்றோ சொல்லி நீ கேட்டிருக்கிறாயா? எனக்கு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

அக்கா

மார்ச் 6

அக்கா,

உன் கடைசிக் கேள்வியோடு இரண்டு கிளாஸ் எடுத்தேன். ஒரு பையன் சிக்னலைத் தாண்டிப் போனதைக்கூட கவனிக்கவில்லை. நல்ல வாத்தியார்!

நானும் கேட்டதில்லை. சரி என்று அவர் சொல்லி ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. ஆனால் ஏன் என்று எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்.

நீ பரீட்சைக்குப் படித்துக்கொண்டே இருப்பாய். அதனால் லீவு நாளில் கம்பெனிக்குக் கேரியர் கொண்டுபோவது என் வேலை. பாட்டில்களைச் சோதிக்கிற விளக்கு அறையில் ஒரு பெட்டியைக் கவிழ்த்து என்னை உட்காரச் சொல்வார். அவருக்கு முன்னால் பெல்ட் ஓடும். பெல்ட்டுக்குப் பின்னால் வெள்ளைத் திரை, அதற்குப் பின்னால் விளக்கு. வலப்பக்கத்திலிருந்து பாட்டில் வரிசையாக வரும், வெளிச்சத்தைக் கடந்து இடப்பக்கம் போகும். அவர் இரண்டு கையையும் மடியில் வைத்து உட்கார்ந்திருப்பார், கோயில் சிலை மாதிரி. எதிலாவது குமிழியோ கீறலோ தெரிந்தால் இடது கை மட்டும் எழும்பும். தூக்குவார். கணக்கெழுதுகிறவருக்குக் கேட்கிற மாதிரி "நோ" என்பார். தொட்டியில் போடுவார். சிலீர்! கை திரும்ப மடிக்கு வந்துவிடும்.

நான் ஒருநாள் கேட்டேன். "கெட்ட பாட்டிலுக்கு நோ சொல்றீங்க. நல்ல பாட்டிலுக்கு என்னப்பா சொல்லுவீங்க?"

என்னை ஒரு மாதிரி பார்த்தார், என்ன கேள்வி இது என்பதுபோல. "அதான் போகுதுல்ல?" என்றார்.

அவ்வளவுதான், அக்கா. அந்த மனுஷருக்கு "சரி" என்பது வாயில் இருந்ததே இல்லை. சரியானது தானாகப் போகும். நீயும் டாக்டரும் அந்தப் பயிற்சிக்காரப் பெண்ணும் மாற்றி மாற்றிக் கேள்வி கேட்டால் அவர் என்ன செய்வார்? கேட்டால் வாயைத்தான் திறக்க வேண்டும். திறந்தால் அதுதான் வரும்.

கேட்காதே. ஓடவிடு. கட்டிலுக்குக் குறுக்கே ஒரு டேபிள் இருக்குமே, அதில் ஒரு டவலைப் போட்டு, சாமானை வைத்து, வலப்பக்கமிருந்து மெதுவாக இழு. வாயை மூடிக்கொண்டு இழு. உன்னால் முடியுமா என்பதுதான் சந்தேகம்.

இதை எழுதும்போது இன்னொன்று உறைத்தது. நீ யூனிவர்சிடிக்குப் போகிறேன் என்றபோது என்ன சொன்னார்? ஒன்றும் சொல்லவில்லை. நீ மூன்று நாள் மூக்கைச் சிந்தினாய், அப்பாவுக்கு இஷ்டமில்லை என்று. உன் பாட்டில் போய்விட்டது, அக்கா. தொட்டிக்குப் போனது என்னுடையது.

வால்

மார்ச் 7

அன்புள்ள வாலுக்கு,

உன் யோசனையை முதலில் நம்பவில்லை. இப்போதும் முழுக்க நம்பவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

பயிற்சிப் பெண்ணிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை, டவலை அவளே கொண்டுவந்தாள். அவருடைய சீப்பு, சவரக் கத்தி, மூக்குக் கண்ணாடி, என் ஹேர் கிளிப், கைப்பிடி உடைந்த ஒரு கோப்பை, பக்கத்து அறைக்காரரின் ஒற்றைச் செருப்பு. இடப்பக்கம் ஒரு எவர்சில்வர் பேசின். யாரும் பேசவில்லை. அவள் இழுத்தாள்.

சீப்பு போனது. கத்தி போனது. கிளிப் வந்ததும் இடது கை எழுந்தது. "நோ." பேசினில் விழுந்தது. கண்ணாடி போனது. கோப்பை: "நோ", பேசின். செருப்பை இரண்டு விரலால் நுனியைப் பிடித்துத் தூக்கினார். "நோ" என்றபோது அவர் முகத்தில் இருந்த அருவருப்பைப் பார்த்து அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சீப்பும் கத்தியும் போனபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை. இந்த அறைக்கு வந்த பிறகு "நோ" கேட்காமல் ஏதோ ஒன்று அவரைக் கடந்து போனது அதுதான் முதல் தடவை.

வரிசையை மாற்றி மறுபடி ஓடவிட்டோம். அதே மாதிரிதான். கண்ணாடியை மட்டும் எடுத்து முகத்தில் மாட்டிக்கொண்டார். அதை எந்தப் பக்கம் சேர்ப்பது?

மூன்றாம் முறை எல்லாமே போனது. உடைந்த கோப்பையும் செருப்பும்கூட. களைப்பு என்கிறாள் அவள். இருக்கலாம். முதல் இரண்டும் தற்செயலாகவும் இருக்கலாம். இதைச் சொல்லாமல் விட்டால் நான் உன்னை ஏமாற்றுவதாகும்.

திங்கட்கிழமை காலை, அவர் களைப்பதற்கு முன், டாக்டரை வைத்துக்கொண்டு அந்தக் குழாயையே டவலில் வைக்கப் போகிறோம். புதிது ஒன்று தருகிறேன் என்றிருக்கிறார். காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறது. அப்பா அதை எடுத்துப் பேசினில் போட்டால் நான் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. போடாவிட்டால் அதை நம்புவேனா என்றும் தெரியவில்லை.

டவலை இழுக்கிறவரால் அவர் முகத்தைப் பார்க்க முடிவதில்லை. இன்னொரு ஆள் இருந்தால் நல்லது. ஐந்து மணி நேரப் பயணம் என்று எனக்குத் தெரியும். தெரிவிக்கிறேன், அவ்வளவுதான்.

யூனிவர்சிடியைப் பற்றி நீ எழுதியதைப் பல தடவை படித்தேன்.

அக்கா

மார்ச் 8

அக்கா,

வரமாட்டேன். நாளைக்கு மூன்று பேருக்கு லைசென்ஸ் டெஸ்ட். அவர்களை விட்டுவிட்டு வர முடியாது.

குழாய் விஷயத்தில் என் சம்மதம் இப்படி: தொட்டியில் போட்டால் வேண்டாம். போகவிட்டால் வை. ரொம்ப யோசிக்காதே. நீ யோசித்தால் பாட்டிலில் இல்லாத கீறலெல்லாம் தெரியும்.

ஒன்றே ஒன்று. என் போட்டோ எதையும் அந்த டவலில் வைத்துவிடாதே. நீ ஆராய்ச்சிக்காரி, உனக்குக் கை அரிக்கும். வைக்காதே. வைத்தாலும் என்னிடம் சொல்லாதே.

டெஸ்ட்டெல்லாம் பொய். ஒரு டெஸ்ட்தான், அதுவும் அடுத்த வாரம். என்னைத் தொட்டியில் போட அந்த இடது கை எழும்புவதை நான் ஒருதரம் பார்த்துவிட்டேன், அக்கா. இன்னொரு தரம் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

வால்

மார்ச் 10

அன்புள்ள வாலுக்கு,

வரமாட்டேன் என்று எழுதிவிட்டு வந்தாய். அதற்குப் பொருள் என்ன என்று நான் கேட்கவில்லை.

நேற்று நீ இருந்தது ஒரு மணி நேரம்கூட இருக்காது. வராந்தாவில் நான் மூச்சுவிடாமல் உளறியதில் உனக்கு என்ன விளங்கியதோ. அதனால் முறையாக எழுதுகிறேன்.

நீ வருவதற்கு முன், காலையில், பயிற்சிப் பெண் டவலை இழுத்தாள். டாக்டர் கதவருகே நின்றார். நான் தலைமாட்டில். முதலில் சீப்பு, போனது. அடுத்து குழாய். அப்பாவுக்கு நேராக வந்ததும் இடது கை எழுந்தது. எடுத்துவிட்டார். ஆனால் வாயைத் திறக்கவில்லை. ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். விரல்களுக்கிடையே உருட்டினார். ஒரு முனையில் கண் வைத்துப் பார்த்தார், மறுமுனையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு அதைத் திரும்ப டவல் மேலேயே வைத்தார். கை மடிக்குப் போயிற்று. குழாய் போனது.

அதன் பின்னால் ஸ்பூனும் கிண்ணமும் வந்தன. ஸ்பூனைத் தூக்கி, "நோ" என்று பேசினில் போட்டார்.

மறுபடி ஒருமுறை ஓடவிட்டோம். குழாயை இம்முறை தொடவே இல்லை. ஸ்பூன் மறுபடியும் பேசினுக்குப் போனது.

டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போனார். "இதைச் சம்மதம்னு நான் எழுத முடியாதும்மா. ஆனா நானும் பார்த்தேன். உங்க தங்கச்சி என்ன சொல்றாங்க?" என்றார். சொல்லி வாய் மூடவில்லை, நீ விரலில் கார் சாவியைச் சுழற்றிக்கொண்டு படியேறி வந்தாய். "போச்சா, தொட்டியா?" என்றுதான் கேட்டாய். "போச்சு," என்றேன். கையெழுத்துப் போட்டாய்.

மதியம் ஆபரேஷன் நடந்தது. சிக்கல் இல்லை. காய்ச்சல் இன்று காலைவரை வரவில்லை. முதலில் கொஞ்சம் தண்ணீர் மட்டும் ஏற்றினார்கள். இருமல் இல்லை. வயிற்றில் செருகியிருப்பதைக் குனிந்து பார்த்தார், பிடுங்கவில்லை. இனிமேல் பிடுங்கமாட்டார் என்று நான் சொல்லவில்லை. இதுவரை பிடுங்கவில்லை.

மீதியைக் கடைசிக்கு வைத்தேன். எழுதுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

கையெழுத்துப் போட்டபின், "ஒரு தரம் பார்த்துட்டுப் போயிடறேன்," என்று அறைக்குள் வந்தாய். அவர் முகத்தைப் பார்க்காமல், கட்டிலைத் தாண்டி நேராக ஜன்னலுக்குப் போய்த் திரையை இழுத்துவிட்டாய், வெயில் அடிக்கிறது என்று. அங்கேயே கொஞ்ச நேரம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாய். பிறகு தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்துவிட்டாய். "என்னை அடையாளமே தெரியலக்கா. எல்லாருக்கும் சொல்ற அந்த ஒரு நோ, அதுகூட எனக்கு இல்ல," என்றாய். வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. நீ இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வாய் வரவில்லை.

இதற்கு நான் பொருள் எழுதப் போவதில்லை. நான் நின்ற இடத்திலிருந்து பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

நீ அறைக்குள் வருவதற்குச் சற்று முன் நர்ஸ் தெர்மாமீட்டரோடு வந்தார், அப்பா நோ என்றார். டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்க்க வந்தார், நோ. நான் தலையணையைச் சரிசெய்ய வந்தேன், எனக்கும் நோ. அந்த அறையில் கதவு அவருக்கு வலப்பக்கம், ஜன்னல் இடப்பக்கம். நீ கதவில் தெரிந்தாய். அவருக்கு முன்னால் நடந்து ஜன்னலுக்குப் போனாய். கதவிலிருந்து ஜன்னல்வரை அவர் கண் உன் கூடவே வந்தது. நீ திரையை இழுத்தபிறகும் உன் முதுகிலேயே இருந்தது. வாய் மூடியிருந்தது.

இடது கை மடியில் இருந்தது. எழவில்லை.

அக்கா